ஜனவரில பிராக்ல ஒரே ஒரு பகல் கிடைச்சா எப்படி பாக்கறது

கேள்வி இதுதான்: மியூனிக்ல வேலை, ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க, அறுபது தாண்டியாச்சு, ஜனவரி முதல் வாரத்துல செக் தலைநகர் பிராக்ல ஒரு முழு நாள்தான் கிடைக்குது, முந்தின ராத்திரி வந்து இறங்கி மறுநாள் காலைல கிளம்பணும். குளிருக்கு பயந்து மே மாசத்துக்கு தள்ளி போட்டுடலாமா, இல்ல போனா எத பாக்கறது எத விடறது, அம்மா வேற சைவம்.

தள்ளி போடாதீங்க. நான் இந்த ஊர்லதான் குடும்பத்தோட இருக்கேன், ஊர்லேர்ந்து வர்ற பெரியவங்கள எல்லா சீசன்லயும் கூட்டிட்டு சுத்தியிருக்கேன், என்ன கேட்டா பிராக்க முதல் தடவை பாக்க நல்ல மாசம் ஜனவரிதான்னு சொல்லுவேன். ஆனா ஒரு விஷயத்த புரிஞ்சிக்கிட்டு வரணும், குளிர் இங்க பெரிய பிரச்சனை இல்ல, வெளிச்சம்தான் பிரச்சனை. ஜனவரி முதல் வாரத்துல சூரியன் உதிக்கறது காலைல 8 மணிக்கு, மறையறது சாயங்காலம் 4 மணி தாண்டி ஒரு பத்து நிமிஷத்துல. நடுப்பகல்ல கூட சூரியன் தலைக்கு மேல வராது, தெக்கு பக்கம் கூரைங்கள ஒட்டினாப்ல தாழ்வாவே போயிட்டு இறங்கிடும். அதனால லிஸ்ட் போட்டு பதினஞ்சு இடத்த ஓடி ஓடி பாக்கற பிளான் இங்க வேலைக்கு ஆகாது. எந்த இடத்த எந்த வெளிச்சத்துல பாக்கணும், எப்ப உள்ள போய் சூடு ஏத்திக்கணும், இந்த ரெண்ட மட்டும் முடிவு பண்ணிட்டீங்கன்னா மீதி தானா அமைஞ்சிடும். கோடைல பாலத்த கூட்டம் இல்லாம பாக்கணும்னா விடியக்காலம் நாலரைக்கு எந்திரிக்கணும், ஜனவரில ஏழே முக்காலுக்கு ரூம விட்டு கிளம்பினாலே போதும், சூர்யோதயம் உங்களுக்காக காத்திட்டு இருக்கும். அறுபது வயசு அம்மாவோட வர்றவங்களுக்கு இது எவ்ளோ பெரிய வசதின்னு யோசிச்சு பாருங்க.

குளிர பத்தி முதல்ல சொல்லிடறேன். ஜனவரில வழக்கமா ஜீரோவ ஒட்டி மேலயும் கீழயும் இருக்கும், சில நாள் மைனஸ் பத்து வரைக்கும் போகும். பாலத்துக்கு பக்கத்துலயே கிளெமென்டினம்னு ஒரு பெரிய பழைய ஜெசூட் காலேஜ் கட்டடம் இருக்கு, அங்க 1775 லேர்ந்து விடாம தினமும் வெப்பநிலை அளந்து எழுதிட்டு வர்றாங்க, ஐரோப்பால இவ்ளோ நீளமான ரெக்கார்ட் கொஞ்ச இடத்துலதான் இருக்கு. அதுல இருக்கறதுலயே கம்மி மைனஸ் 27.6, அது 1785 மார்ச் 1. அந்த அளவுக்கெல்லாம் இப்ப போறதில்ல. மியூனிக்ல இருக்கற குளிர்தான் இங்கயும், ஆனா ஆத்தங்கரை ஈரமும் காத்தும் சேந்து பாலத்து மேல கொஞ்சம் கூடுதலா கடிக்கும். அம்மா புடவைதான் கட்டுவாங்கன்னா உள்ள தெர்மல் பேன்ட், முழங்கால் வரைக்கும் வர்ற கம்பளி சாக்ஸ், மேல முட்டிக்கு கீழ இறங்கற நீள கோட்டு, காதை மூடற குல்லா, கையுறை. புடவைய கணுக்காலுக்கு கொஞ்சம் மேலயே கட்டிக்க சொல்லுங்க, ரோட்ல உப்பும் கல்லும் போட்டிருப்பாங்க, கரை ஈரமாச்சுன்னா நாள் பூரா குளிரும். எல்லாத்துக்கும் மேல ஷூ. செருப்போ வழவழ அடி இருக்கற ஷூவோ வேண்டவே வேண்டாம். இந்த ஊர் நடைபாதை பூரா சின்ன சின்ன கருப்பு வெள்ளை கல்லா பதிச்சிருப்பாங்க, ராத்திரி பனி உறைஞ்சா காலைல கண்ணாடி மாதிரி வழுக்கும், நல்ல பிடிப்பு இருக்கற ரப்பர் அடி கண்டிப்பா வேணும். ஃபோன உள் பாக்கெட்ல வெச்சுக்கோங்க, குளிர்ல சார்ஜ் படபடன்னு இறங்கும், மத்தியானமே செத்துடும்.

காலைல ஆரம்பிக்க வேண்டியது சார்லஸ் பிரிட்ஜ்ல, அதுவும் பழைய நகரத்து பக்கத்துலேர்ந்து கோட்டைய நோக்கி நடக்கணும், தலைகீழா இல்ல. ஜனவரில சூரியன் தென்கிழக்குல உதிக்கும், அதாவது உங்க முதுகு பக்கம், எதிர்ல மலை மேல இருக்கற கோட்டையும் கதீட்ரலும்தான் முதல்ல சிவக்கும். மேகமா இருந்தா இது கிடைக்காது, இந்த ஊர் பள்ளத்துல உக்காந்திருக்கறதால குளிர்காலத்துல நாள் கணக்கா சாம்பல் மூட்டமா நிக்கறதும் உண்டு. அப்படி இருந்தாலும் போங்க, பனிமூட்டத்துல அந்த முப்பது சிலையும் ஒண்ணொண்ணா வெளிய வர்றத பாக்கறது வேற அனுபவம், எனக்கு வெயிலை விட அதான் பிடிக்கும்.

பாலத்தோட கதை சுருக்கமா. முன்னாடி இருந்த ஜூடித் பாலத்த 1342 வெள்ளம் அடிச்சிட்டு போயிடுச்சு, இந்த நாட்டு ராஜா நாலாம் சார்லஸ் 1357 ல புதுசுக்கு அஸ்திவாரம் போட்டார். ஜோசியக்காரங்க சொன்ன நேரம்னு இங்க எல்லாரும் ஒரு கணக்கு சொல்லுவாங்க, 1357, 9 ம் தேதி, 7 ம் மாசம், காலை 5:31, அப்படியே வரிசையா எழுதினா 135797531, ஒத்தப்படை எண்ணா ஏறி அதே மாதிரி இறங்கும். நல்ல நேரம் பாத்து கடக்கால் போடறது அம்மாவுக்கு ரொம்ப புரிஞ்ச விஷயம், கண்டிப்பா சொல்லுங்க. இன்னொரு கதை, சுண்ணாம்பு கலவைல முட்டை கலக்க ராஜா எல்லா ஊர்லேர்ந்தும் முட்டை கேட்டாராம், வெல்வாரின்னு ஒரு ஊர்க்காரங்க உடையக்கூடாதேன்னு அவிச்சு அனுப்பினாங்களாம். 16 வளைவு, 516 மீட்டர் நீளம். சிலைங்க பாலத்தோட வயசு கிடையாது, முக்கால்வாசி 1683 லேர்ந்து 1714 க்குள்ள வெச்சது, இப்ப நிக்கறதுலயும் நிறைய நகல்தான், அசல மியூசியத்துல பத்திரப்படுத்திட்டாங்க. இருக்கறதுலயே பழசு நெபோமுக் ஜானோட வெண்கலச் சிலை, 1393 ல ராஜா உத்தரவுல இந்த ஆத்துல தூக்கி போடப்பட்ட பாதிரியார், அடியில இருக்கற பித்தளை தகடு மட்டும் ஆளுங்க கை பட்டு பட்டு பளபளன்னு இருக்கும்.

கீழ ஆத்த எட்டி பாருங்க, வல்தாவா உறைஞ்சிருக்காது. பழைய ஃபோட்டோல எல்லாம் ஜனங்க ஐஸ் மேல நடந்து போவாங்க, சறுக்கி விளையாடுவாங்க, ஐஸ்கட்டிய வெட்டி பீர் தயாரிக்கற இடத்துக்கும் ஹோட்டலுக்கும் வண்டில கொண்டு போறதே ஒரு தொழிலா இருந்துது. 1950 கள்லேர்ந்து ஆத்து மேல்பக்கம் வரிசையா அணை கட்டினாங்க, ஸ்லாபி அணை 1955, ஓர்லீக் 1961, அந்த ஆழத்துலேர்ந்து திறந்து விடற தண்ணி குளிர்காலத்துலயும் நாலு டிகிரி வாக்குல இருக்கறதால நகரத்துக்குள்ள உறையறது அனேகமா நின்னு போச்சு. அதோட பலன் ஒண்ணு, வடக்கேர்ந்து வர்ற கடற்காகங்களும் அன்னமும் குளிர்காலம் பூரா இங்கயே தங்கிடும், பாலத்த கடந்து வலது பக்கம் கீழ இறங்கினா கரையில அன்னக்கூட்டம் காலடி வரைக்கும் வரும்.

கிளம்பறதுக்கு முன்னாடி பாலத்தோட பழைய நகரத்து முனைல இருக்கற கோபுரத்த மட்டும் நல்லா பாத்து மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா இன்னிக்கு நீங்க பாக்கப்போற மூணு இடத்த கோக்கற கதை அதுல முடியுது. 1621 ல 12 பேரோட வெட்டின தலைய இந்த கோபுரத்துல தொங்க விட்டாங்க, பத்து வருஷம் அப்படியே இருந்துது. யாரு என்னன்னு வழில சொல்றேன்.

பாலம் முடிஞ்சு மாலா ஸ்ட்ரானா பகுதிக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரும் செய்யறது நெரூதா தெரு வழியா மலை ஏறறது. அம்மாவோட அத செய்யாதீங்க. மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்தி ஸ்டாப்ல 22 நம்பர் டிராம் ஏறுங்க, அது மலைய சுத்திக்கிட்டு மேல போகும், கோட்டை ஸ்டாப் வரும், அங்க இறங்காம இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளி போஹோர்ஜெலெட்ஸ்ல இறங்குங்க. நடை பூரா இறக்கமா ஆயிடும். டிராம்லயும் சீட்டுக்கு அடியில ஹீட்டர் இருக்கும், பாலத்துல உறைஞ்ச காலுக்கு அந்த கால் மணி நேரம் சொர்க்கம். டிக்கெட் டிராம் நடுக்கதவு பக்கத்துல இருக்கற மெஷின்ல கார்ட தட்டி எடுக்கலாம், பேப்பர் டிக்கெட்டா இருந்தா ஏறின உடனே மஞ்சள் பெட்டில முத்திரை குத்தணும், சாதா டிரஸ்ல செக்கிங் ஆளுங்க வருவாங்க, தெரியாதுன்னு சொன்னா கேக்க மாட்டாங்க.

போஹோர்ஜெலெட்ஸ்ல இறங்கினா ஸ்ட்ராஹோவ் மடம், 1143 ல ஆரம்பிச்சது. லைப்ரரி 9 மணிக்கு திறப்பாங்க. ரெண்டு பெரிய ஹால், ஒண்ணு 1679 ல முடிஞ்சது, இன்னொண்ணு 1794, தரைலேர்ந்து கூரை வரைக்கும் தோல் அட்டை போட்ட புஸ்தகம், கூரை பூரா ஓவியம். உள்ள விடமாட்டாங்க, வாசப்படில நின்னுதான் பாக்கணும், உள்ள வர்றவங்க மூச்சுல இருக்கற ஈரம் புஸ்தகத்துக்கு ஆகாது. அதனால அரை மணில முடிஞ்சிடும், ஆனா விட்டுடாதீங்க. மடத்துக்கு கீழ ஒரு திறந்த மேடை இருக்கு, மொத்த நகரமும் ஒரே பார்வைல தெரியற இடம், இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையா நிக்கற பழத்தோட்டத்துக்கு அந்த பக்கம் சிவப்பு ஓட்டு கூரையும் கோபுரமும். கோடைல மரம் பாதிய மறைச்சிடும், குளிர்காலத்துலதான் முழுசா கிடைக்கும். கூரை மேல பனி இருந்தா அதிர்ஷ்டம், ஆனா எதிர்பாத்துட்டு வராதீங்க, இந்த ஊர்க்குள்ள பனி விழுந்தாலும் ரொம்ப நாள் நிக்கறதில்ல.

வழில வீட்டுக் கதவு மேல சாக்பீஸ்ல கே பிளஸ் எம் பிளஸ் பி னு மூணு எழுத்தும் வருஷமும் எழுதியிருந்தா அது ஜனவரி 6 மூணு ராஜா பண்டிகைக்கு எழுதறது. அந்த தேதிய ஒட்டி வந்தீங்கன்னா காகித கிரீடம் வெச்ச பசங்க உண்டியல் குலுக்கிக்கிட்டு தெருவுல போவாங்க, தர்ம காரியத்துக்கு வசூல் பண்றது அது.

கோட்டைக்கு பத்தரை வாக்குல போயிடுங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் உள் கட்டடம் எல்லாம் 9 லேர்ந்து 4 மணி வரைக்கும்தான், தோட்டம் பூட்டியிருக்கும், அத நினைச்சு வருத்தப்பட வேண்டாம். ஞாயித்துக்கிழமையா இருந்தா கதீட்ரல் பூஜை முடிஞ்சு மத்தியானம்தான் சுத்தி பாக்க விடுவாங்க, அப்ப பழைய அரண்மனைய முதல்ல வெச்சுக்கோங்க. செயின்ட் வைட்டஸ் கதீட்ரல் 1344 ல ஆரம்பிச்சு 1929 ல முடிஞ்ச கட்டடம், நடுவுல ஹுஸைட்னு சொல்ற மதச் சண்டைல வேலை நின்னு பல நூறு வருஷம் பாதியாவே நின்னுது. பின்பக்கம் கொஞ்ச தூரம் டிக்கெட் இல்லாமலே பாக்கலாம், ஆனா நீங்க டிக்கெட் எடுங்க, வலது பக்கத்துல இருக்கற வென்செஸ்லாஸ் சேப்பலும் ரெண்டு டன் வெள்ளில செஞ்ச நெபோமுக் ஜானோட சமாதியும் உள்ளதான் இருக்கு. காலைல பாலத்துல ஆத்துல போட்டாங்கன்னு பாத்தீங்களே, அவரேதான். இடது பக்கம் அல்ஃபோன்ஸ் முகா வரைஞ்ச வண்ணக்கண்ணாடி ஜன்னல். கல்லு கட்டடம், உள்ளயும் நல்ல குளிர் இருக்கும், கோட்ட கழட்டாதீங்க.

இங்கதான் கதையோட ஆரம்பம். பழைய அரண்மனைல விளாதிஸ்லாவ் ஹால், 1500 வாக்குல முடிச்சது, தூணே இல்லாத பெரிய கூடம், கூரைல கல்லு வளைவு கொடி மாதிரி பின்னி பின்னி போகும், உள்ளயே வீரர்கள் குதிரை ஏறி ஈட்டி போட்டி நடத்துவாங்க, குதிரை ஏறி வர்றதுக்குன்னே தாழ்வான அகலப்படி தனியா இருக்கு. அந்த ஹாலுக்கு பக்கத்து அறை ஜன்னலதான் தேடி பாக்கணும். 1618 மே 23, ப்ராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கோவமா உள்ள புகுந்து கத்தோலிக்க ராஜாவோட ரெண்டு பிரதிநிதிங்களையும் ஒரு செயலாளரையும் ஜன்னல் வழியா வெளிய தூக்கி போட்டாங்க. மூணு பேரும் பிழைச்சாங்க, ஆனா அதுலேர்ந்து முப்பது வருஷப் போர் ஆரம்பிச்சு பாதி ஐரோப்பாவ நாசம் பண்ணிடுச்சு. கிளர்ச்சி பண்ணவங்க ஜெர்மனிலேர்ந்து ஃபிரெட்ரிக்னு ஒரு இளவரசர கூட்டிட்டு வந்து 1619 நவம்பர்ல இதே கதீட்ரல்ல முடி சூட்டினாங்க. மறு வருஷம் நவம்பர் 8, ஊருக்கு வெளிய வெள்ளை மலைல ரெண்டு மணி நேரம் கூட நீடிக்காத ஒரு சண்டை, தோத்துப்போய் ஓடிட்டார். ஆண்டது ஒரே ஒரு குளிர்காலம், அதனால வரலாத்துல அவர் பேரே குளிர்கால ராஜா. நீங்க போற மாசத்துலதான் அவரும் அவர் பொண்டாட்டியும் இந்த கோட்டைல குளிர் காஞ்சிருப்பாங்க, ஜன்னலோரம் நிக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராம இருக்காது.

தங்கச் சந்துன்னு சொல்ற கோல்டன் லேன், குட்டி குட்டி வீட்டு வரிசை, 22 ம் நம்பர் வீட்ல காஃப்கா 1916 லேர்ந்து 17 வரைக்கும் உக்காந்து எழுதினார், அதே டிக்கெட்லயே வரும், சட்டுனு ஒரு பார்வை போதும். 12 மணிக்கு முதல் முற்றத்துல காவல் மாத்தறது பேண்ட் வாத்தியத்தோட நடக்கும், அந்த நேரம் அங்க இருந்தா பாருங்க, அதுக்காக குளிர்ல நின்னு காத்திருக்க வேண்டாம்.

சாப்பாடு. அம்மா சைவம்னா செக் ஹோட்டல்ல கொஞ்சம் கவனம் வேணும், ஆனா பட்டினி கிடக்க தேவையில்ல. பிரம்போராக்னு உருளைக்கிழங்க துருவி பூண்டும் மர்ஜோரம் இலையும் போட்டு சுடற அடை, ஸ்மஜெனி சீர்னு பொரிச்ச சீஸ், பழம் வெச்சு அவிச்ச கொழுக்கட்டை மாதிரி ஓவோட்ஸ்னே க்னெட்லீகி, மேல தயிர்க்கட்டிய துருவி வெண்ணெய் ஊத்தி தருவாங்க, அம்மாவுக்கு அது பிடிக்கும்னு நினைக்கறேன். முட்டை சாப்பிட மாட்டாங்கன்னா இதையெல்லாம் மாவுல முட்டை இருக்கான்னு கேட்டுக்கணும். சூப்தான் ஏமாத்தும், பூண்டு சூப், உருளைக்கிழங்கு சூப்னு பேர் இருக்கும், ஆனா தண்ணிக்கு பதில் கறி வேகவெச்ச சாறு இருக்கும், "பெஸ் மசா" னு கேளுங்க, கறி இல்லாமன்னு அர்த்தம், "சூப் வெறும் தண்ணில வெச்சதா?" னு ரெண்டாவது தடவையும் கேளுங்க. பழைய நகரத்துல தட்டை எடை போட்டு காசு வாங்கற சைவ பஃபே கடைங்க இருக்கு, இந்திய ஹோட்டலுக்கும் குறைவில்ல, சோறு இல்லாம நாள் ஓடாதுன்னா அதுவே நல்லது. ஒரு மணி நேரம் நல்லா சூடா உக்காந்து சாப்பிடுங்க, மத்தியானம் இந்த உக்கார்ற நேரத்த மிச்சம் பிடிக்க பாத்தா மூணு மணிக்கு மேல அம்மாவால நடக்க முடியாது.

கீழ இறங்க பழைய கோட்டை படிக்கட்டு இருக்கு, காஞ்சிருந்தா கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கலாம், ஐஸ் இருந்தா யோசிக்காம டிராம்லயே மாலோஸ்ட்ரான்ஸ்கா வந்துடுங்க. அங்கேர்ந்து மெட்ரோ ஏ லைன்ல ஒரே ஸ்டேஷன், ஆத்துக்கு அடியில போய் ஸ்தரோமெஸ்ட்ஸ்கா. வெளிய வந்தா ஒரு பக்கம் ரூடோல்ஃபினம் கச்சேரி மண்டபம், இன்னொரு பக்கம் சார்லஸ் யூனிவர்சிட்டியோட கலைப் பிரிவு, நடுவுல இருக்கற சதுக்கத்துக்கு யான் பாலாஹ் பேரு. 1968 ஆகஸ்ட்ல சோவியத் டாங்கி வந்து நாட்ட பிடிச்சதையும் ஜனங்க அதுக்கு பழகிப்போறதையும் எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்னிக்கு வென்செஸ்லாஸ் சதுக்கத்துல தன்ன கொளுத்திக்கிட்ட இருபது வயசு மாணவர், மூணு நாள் கழிச்சு இறந்துட்டார். இந்த பிரிவுலதான் படிச்சார், கட்டடத்து சுவத்துல அவர் முக அச்சு இருக்கு. ஜனவரில வர்றவங்க அங்க ஒரு நிமிஷம் நிக்கணும்.

இந்த யூனிவர்சிட்டிக்கும் நமக்கும் ஒரு நேரடி உறவு இருக்கு, தமிழ் படிச்சவங்க நிறைய பேருக்கே தெரியாது. கமில் சுவெலபில், 1927 ல பிராக்ல பிறந்தவர், இங்கயே படிச்சு இங்கயே தமிழும் திராவிட மொழியியலும் சொல்லிக்கொடுத்தவர், சங்கப் பாட்டு, சித்தர், முருகன் வழிபாடு, நீலகிரி பழங்குடி மொழின்னு வாழ்நாள் பூரா தமிழோட இருந்தார். மேல சொன்ன அதே 1968 க்கு அப்புறம் அவரும் நாட்ட விட்டு வெளியேறி அமெரிக்கா, நெதர்லாந்துன்னு போக வேண்டியதாச்சு. ஒரு டாங்கிப்படை வந்ததுல ஐரோப்பால ஒரு நல்ல தமிழ்த் துறையும் அடிபட்டுதுன்னு அந்த சதுக்கத்துல நிக்கும்போதுதான் உறைக்கும்.

அங்கேர்ந்து ரெண்டு நிமிஷ நடைல யோசெஃபோவ், பழைய யூதர் பகுதி. குளிர்காலத்துல நாலரை வரைக்கும் இருக்கும், ஒண்ணே முக்கால், ரெண்டு மணிக்கு உள்ள போயிடுங்க. சனிக்கிழமையும் யூத பண்டிகை நாளும் மூடிடுவாங்க. பழைய-புதிய ஜெப ஆலயம்னு ஒண்ணு, 1270 வாக்குல கட்டினது, ஐரோப்பால இன்னும் வழிபாடு நடக்கற ஜெப ஆலயங்கள்ல இதான் ரொம்ப பழசு. நேரம் குறைவா இருந்தா அத வெளியேர்ந்து பாத்துட்டு பின்காஸ் ஜெப ஆலயத்துக்கு நேரத்த ஒதுக்குங்க. உள்ள பொருளே கிடையாது, சுவரு பூரா பேரு. நாஜிக்கள் கொன்ன பொகீமியா மொராவியா (இன்னிக்கு செக் நாடு) யூதர்கள் சுமார் 78,000 பேரோட பேரு, ஊர் வாரியா குடும்பம் வாரியா கையால எழுதினது. 1950 கள்ல எழுதினாங்க, 1968 க்கு அப்புறம் ஈரம் ஏறுதுன்னு மூடி வெச்சாங்க, எழுத்தெல்லாம் போச்சு, 1990 கள்ல மறுபடி முதல்லேர்ந்து எழுதினாங்க. மாடில தெரெசீன் முகாம்ல இருந்த குழந்தைங்க வரைஞ்ச படம். ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ்னு ஒரு ஓவியர் அந்த குழந்தைங்களுக்கு முகாமுக்குள்ள வரையச் சொல்லிக்கொடுத்தாங்க, ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படறதுக்கு முன்னாடி சுமார் 4,500 படத்த ரெண்டு சூட்கேஸ்ல ஒளிச்சு வெச்சுட்டு போனாங்க, அவங்க திரும்பல, அந்த குழந்தைங்கள்லயும் முக்கால்வாசி பேர் திரும்பல. பட்டாம்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேஜை, இதத்தான் வரைஞ்சிருக்குதுங்க. அம்மாவுக்கு முன்னாடியே விஷயத்த சொல்லி கூட்டிட்டு போங்க, சொல்லாம போனா வெறும் கிறுக்கலாத் தெரியும், தெரிஞ்சிட்டு போனா அவங்களே அங்கேர்ந்து நகர மாட்டாங்க.

அங்கேர்ந்து வெளிய வந்தா கல்லறைத் தோட்டம். 1439 லேர்ந்து 1787 வரைக்கும் வேற இடம் தராததால ஒருத்தர் மேல ஒருத்தரா அடுக்கடுக்கா புதைச்சாங்க, சுமார் 12,000 கல்லு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நெருக்கிக்கிட்டு நிக்கும். பூவுக்கு பதில் கூழாங்கல்லு வெக்கறது அவங்க வழக்கம். நடக்கற பாதை மேடு பள்ளமா இருக்கும், அம்மா கைய பிடிச்சுக்கோங்க.

மூணேகாலுக்கு அங்கேர்ந்து கிளம்பி பழைய நகரச் சதுக்கம். இதான் நாளோட முக்கியமான நேரம், இதுக்காகத்தான் மீதி எல்லாத்தையும் முன்னாடி தள்ளினது. டவுன்ஹால் கோபுரத்துக்கு மூணே முக்கால் வாக்குல ஏறற மாதிரி டிக்கெட் முன்னாடியே ஆன்லைன்ல போட்டுடுங்க. சுமார் 70 மீட்டர் உயரம், ஆனா உள்ள லிஃப்ட் இருக்கு, அம்மா படி ஏற வேண்டாம். மேல போனா எதிர்ல தீன் சர்ச்சோட ரெட்டை கோபுரம் கண்ணுக்கு நேரா நிக்கும் (டைக்கோ பிராஹேவ 1601 ல அங்கதான் புதைச்சாங்க, கண்ணால பாத்தே கிரகங்கள அவ்ளோ துல்லியமா அளந்தவர்), தென்மேக்கால, கோட்டைக்கு இடது பக்கம் தள்ளி வெளிச்சம் இறங்கும், ஒரு கால் மணி நேரத்துக்குள்ள கூரையெல்லாம் நீலமாகி தெரு விளக்கு எரிய ஆரம்பிக்கும். கோடைல இதே காட்சிய பாக்க ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அம்மாவ முழிக்க வெச்சு காக்கணும்.

கீழ வந்து கடிகாரம். ஓர்லோய், 1410 ல செஞ்சது. மணி அடிக்கும்போது மேல ஜன்னல்ல ஏசுவோட சீடர்களான அப்போஸ்தலர்கள் சுத்தி வர்றத பாக்கத்தான் கூட்டம் கூடும், எலும்புக்கூடு மணி ஆட்டும், கடைசில தங்கச் சேவல் கூவும், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், நிறைய பேர் இவ்ளோதானான்னு போயிடுவாங்க. உண்மையான அதிசயம் கீழ இருக்கற முகப்புலதான், அதுவும் குளிர்கால சாயங்காலம் பாத்தாத்தான் சட்டுனு விளங்கும். வெளிய ஒரு கறுப்பு வளையம், பழைய ஜெர்மன் எழுத்துல 1 லேர்ந்து 24. அது பழைய பொகீமிய மணி, அதுல நாள் தொடங்கறது நள்ளிரவுல இல்ல, சூரியன் மறையும்போது. மறையற நேரம் வருஷம் பூரா மாறுதே, அதுக்கேத்த மாதிரி அந்த வளையமும் முன்னும் பின்னும் நகரும். நீங்க நாலேகால் தாண்டி போய் நின்னா தங்கக் கை அந்த வளையத்துல 24 கிட்ட இருக்கும், அதாவது ஒரு நாள் முடிஞ்சு அடுத்தது அப்பத்தான் தொடங்குது. உள்ள இருக்கற நீலம் பகல், கறுப்பு இரவு, நடுவுல செம்பழுப்பு அந்தி. சூரிய முத்திரை எந்த நிறத்துல இருக்குன்னு பாத்துட்டு வானத்த பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கும். நீலத்துல வளைஞ்சு போற தங்கக்கோடு பகல 12 பங்கா பிரிக்குது, பகல் நீளமோ குட்டையோ 12 பங்குதான். அதனால ஜனவரில அந்த கணக்குல ஒரு மணிங்கறது நம்ம 41 நிமிஷம், ஜூன்ல 80 நிமிஷத்துக்கு மேல. ஆறு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடிகாரக்காரரும் ஒரு வானியல் பேராசிரியரும் சேந்து இவ்வளவையும் பல்சக்கரத்துல கொண்டு வந்திருக்காங்க, 1945 மே மாசம் சண்டைல எரிஞ்சும் திரும்ப ஓட வெச்சிருக்காங்க, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அது பெரிய விஷயம்.

கடிகாரத்துக்கு பக்கத்துலயே டவுன்ஹால் சுவரோரம் தரைய பாருங்க, வெள்ளைக்கல்லுல 27 சிலுவை பதிச்சிருக்கும். ஜன்னல்ல தொடங்கின கதை இங்க வருது. வெள்ளை மலைல தோத்ததுக்கு அப்புறம் 1621 ஜூன் 21, கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர இந்த இடத்துலதான் கொன்னாங்க, அதுல 12 தலைதான் காலைல பாத்த பாலத்து கோபுரத்துக்கு போச்சு. ஆயிரக்கணக்கான பேர் தினம் அந்த சிலுவைங்க மேல கால் வெச்சு நடக்கறாங்க, தெரிஞ்சவங்க மட்டும் சுத்திக்கிட்டு போவாங்க.

கிறிஸ்துமஸ் சந்தை வழக்கமா ஜனவரி 6 வரைக்கும் சதுக்கத்துல இருக்கும், உங்க தேதிக்கு கிடைச்சிடும். ஸ்வர்ஷாக்னு விக்கறது லவங்கம் பட்டை போட்ட சூடான ஒயின், அம்மாவுக்கு வேண்டாம்னா மது கலக்காத குழந்தைங்க பஞ்ச் இல்ல கெட்டியான ஹாட் சாக்லேட் கேளுங்க. டர்டெல்னிக்னு சுருட்டி சுடற இனிப்பு ரொட்டிய பழைய பொகீமிய பலகாரம்னு போர்டு போட்டு விப்பாங்க, இந்த ஊர் தெருவுக்கு அது வந்து கொஞ்ச காலம்தான் ஆகுது, ருசிக்காக வாங்குங்க, பாரம்பரியம்னு வாங்காதீங்க. எதுக்கும் 100 கிராமுக்கா மொத்தமாவான்னு விலைய கேட்டுட்டு கை நீட்டுங்க. இங்க யூரோ இல்ல, கொரூனா, முக்கால்வாசி இடம் கார்டு எடுக்கும், கழிப்பறைக்கு மட்டும் சில்லறை வெச்சுக்கோங்க. தெருவோர பண மாத்து கடைல போர்ட்ல ஒரு ரேட் இருக்கும் கைல வேற வரும், அப்படி ஆச்சுன்னா 2019 லேர்ந்து சட்டம் இருக்கு, மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போனா ஆயிரம் யூரோ வரைக்குமான மாத்தத்த ரத்து பண்ணி பணத்த திருப்பி கொடுத்தே ஆகணும்.

அஞ்சு மணிக்கு மேல அம்மா களைச்சிருப்பாங்க, ஏதாவது ஒரு பழைய காஃபி ஹவுஸ்ல உக்காருங்க. 1902 லேர்ந்து இருக்கற கஃபே லூவ்ர், ஐன்ஸ்டைன் 1911 - 12 ல இங்க பேராசிரியரா இருந்தப்ப வந்து போன இடம், இல்ல தேசிய நாடக அரங்குக்கு எதிர்ல ஸ்லாவியா, ஆத்த பாத்த ஜன்னல். ராத்திரிக்கு கச்சேரி போகணும்னா தெருவுல நோட்டீஸ் நீட்டறவங்க கிட்ட டிக்கெட் வாங்காதீங்க, சர்ச்ல நடக்கற கச்சேரி நிறைய இடத்துல ஹீட்டரே இருக்காது, ஒரு மணி நேரம் அசையாம உக்காந்தா அம்மாவுக்கு முட்டி பிடிச்சிடும். ரூடோல்ஃபினமோ முனிசிபல் ஹவுஸோ ஒழுங்கா சூடு இருக்கும், கோட்ட வாசல்ல டோக்கன் வாங்கிட்டு கொடுத்துடணும், அதனால உள்ள கட்டியிருக்கற புடவை நல்லதா இருக்கட்டும்.

நீங்க வர்ற நாள் சனிக்கிழமையா விழுந்துதுன்னா யோசெஃபோவுக்கு பதிலா வென்செஸ்லாஸ் சதுக்கத்து மேட்டுல இருக்கற தேசிய மியூசியத்த வெச்சுக்கோங்க, 2018 ல புதுப்பிச்சு திறந்தது, சூடான கட்டடம், லிஃப்ட் இருக்கு, வாசலுக்கு முன்னாடி தரைலயே பாலாஹ் நினைவுச்சின்னம் இருக்கு. மூணு மணிக்கு அங்கேர்ந்து கிளம்பினாலும் சதுக்கத்துக்கு இருபது நிமிஷ நடைதான், கோபுரத்து நேரத்த மட்டும் மாத்தாதீங்க.